அழிக்க அழிக்க வந்த ஒரு வரி

வெப்சைட் செய்கிறவன் தனியாகப் பொய் சொல்லப் பழக வேண்டியதில்லை. அவன் செய்த பக்கமே போன வாரத்துச் சங்கதியை இன்றைய சங்கதி போல முகம் மாறாமல் சொல்லிக்கொண்டிருக்கும். இதே பிழைப்பில் கிடந்து உழலும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக நாலு வரி. ஒரு பக்கத்தை நாங்கள் ஒரே அச்சில் வார்ப்பதில்லை. படத்துக்கு ஒரு துண்டு, பெயருக்கு ஒரு துண்டு, பட்டியலுக்கு ஒரு துண்டு என்று தனித்தனியாகச் செய்து ஒட்டுகிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் மேலேயிருந்து தகவல் வந்துகொண்டிருக்கும். அந்தத் தகவல் மாறினால் துண்டுக்கு அது உறைக்க வேண்டும். உறைக்கவில்லை என்றால் எனக்குப் போன் வரும். சில சமயம் தேவைக்கு மேல் உறைத்துவிடும். அப்போதும் எனக்குத்தான் போன் வரும்.

விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், நானும் அன்வரும் சேர்ந்து கம்பெனி நடத்தினோம். கம்பெனி என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். நாங்கள் இரண்டு பேர், இரண்டு கம்ப்யூட்டர், கரண்டு போனால் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கும் ஒரு யுபிஎஸ், அவ்வளவுதான். எங்களுக்குக் கிடைத்த பெரிய வாடிக்கையாளர் சவரிமுத்து ஐயா. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் திருமணத் தகவல் மையம் வைத்திருந்தார். தொண்ணூற்று மூன்றில் போட்டோ ஆல்பமும் கையுமாகத் தொடங்கியவர், இருபது வருடம் கழித்து எங்களிடம் வந்து, "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுங்க தம்பி" என்றார். கிறிஸ்தவக் குடும்பங்கள், இந்துக் குடும்பங்கள், செஞ்சிப் பக்கத்துச் சமணர்களான நயினார்கள் என்று எல்லோரும் அவரிடம் வருவார்கள். முன்மேசையில் உட்கார்ந்து விவரங்களை ஏற்றுகிறவர் ஸ்டெல்லா. கணவர் இறந்து நாலைந்து வருடமாகிறது. ஏழு வயதில் ஜெனி என்று ஒரு மகள்.

ஊருக்கெல்லாம் வரன் பார்க்கிறவர் தன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் பெண்ணைச் சும்மா விடுவாரா? ஸ்டெல்லாவுக்கு ஒரு நல்ல இடம் அமைத்துவிட வேண்டும் என்று சவரிமுத்து ஐயா ஒற்றைக் காலில் நின்றார். ஸ்டெல்லாவும் சரி என்றுதான் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: மகள் இருப்பதைத் தெரிந்துகொண்டு வருகிறவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் வருவாரா மாட்டாரா என்பதுதான் நாங்கள் அங்கே வேலை பார்த்த இரண்டு வருடமும் அந்த அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்த பெரிய கேள்வி. நான் பழுது பார்க்கப் போன ஒவ்வொரு தடவையும் அது என் காதில் விழுந்தது.

பெயர் மாறும், முகம் மாறாது

முதல் வாரத்தில் நடந்தது இது. இடப்பக்கம் பெயர்ப் பட்டியல், வலப்பக்கம் படமும் விவரமும். இதுதான் பக்கத்தின் அமைப்பு. கோலியனூரிலிருந்து ஒரு அம்மா மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார். மடியில் ஒரு பை, அதில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. உரித்து வாயில் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்தார். ஸ்டெல்லா ஒரு பெயரைத் தட்டினார், படம் வந்தது. அடுத்த பெயரைத் தட்டினார். பெயர், ஊர், படிப்பு எல்லாம் மாறின, படம் மட்டும் மாறவில்லை. மூன்றாவது பெயருக்கும் அதே முகம்.

காரணம் சின்னது. படத்துக்கான துண்டு, பிறந்த நேரத்தில் 'யாருடைய படம்' என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு போய் எடுத்து வந்துவிடும். பிறகு ஆள் மாறிவிட்டார் என்று மேலேயிருந்து தகவல் வந்தாலும், கொண்டு வந்த படத்தைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கும். ஆள் மாறினால் படத்தையும் புதிதாக எடுத்து வா என்று நான் அதற்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா ஸ்டெல்லா பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, இந்தப் பொண்ணுங்க அத்தினி பேரும் ஒருத்தி வயித்துல பொறந்ததுங்களா?"

ஓலை வாசித்த மாப்பிள்ளை

கிறிஸ்தவர்கள் கல்யாணத்துக்கு முன் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அறிவிப்பார். அதற்கு மேல் ஊருக்கு ஒரு விஷயத்தை உறுதி செய்ய முடியாது. எங்கள் பக்கம் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நிச்சயமான மாப்பிள்ளையின் பெயரை ஸ்டெல்லா அன்றன்றைக்கே நீக்கிவிடுவார். ஆனால் நான் செய்த பட்டியல் துண்டு அழுத்தமான பேர்வழி. தனக்கு வேறொரு பட்டியலைக் கொடுத்தால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும். அதே பட்டியலுக்குள் கையை விட்டு ஒரு பெயரை எடுத்தால், 'பட்டியல் பழசுதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது' என்று திரும்பிப் படுத்துக்கொள்ளும். ஒரு பெயரை எடுக்க வேண்டும் என்றால்கூட, மீதிப் பேரை வைத்துப் புதுப் பட்டியல் எழுதிக் கையில் திணிக்க வேண்டும். இதை நான் கண்டுபிடிப்பதற்குள், பெண்ணைப் பெற்ற ஒருவர் அப்படி நீக்கப்பட்ட ஒரு மாப்பிள்ளையைத் திரையில் பார்த்து, பிடித்துப்போய், வீட்டில் பேசி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் நேராக மையத்துக்கு வந்துவிட்டார். கோபமாகக்கூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "கோயில்ல மூணாவது ஓலையும் வாசிச்சிட்டாங்க. உங்க பொட்டியில மட்டும் அந்தப் பையன் இன்னும் பொண்ணு தேடிக்கினு இருக்கான்."

ஒரே இரவில் ஏறிய வயது

ஆல்பம் காலத்துப் பழக்கம் ஒன்று இருந்தது. பதிவு செய்யும் நாளில் என்ன வயதோ அதை எழுதிவிடுவார்கள். பிறகு அந்தப் பெண் எத்தனை வருடம் காத்திருந்தாலும் அட்டையில் அதே வயதுதான். அன்வருக்கு இது பொறுக்கவில்லை. பிறந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிட்டுக் காட்டும்படி மாற்றிவிட்டான். தகவல் மாறினால் திரை மாற வேண்டும், வருடம் மாறுவதும் தகவல்தானே என்றான். நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன். மறுநாள் காலையில் திண்டிவனம் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு வயது ஏறிவிட்டது.

மையத்தின் போன் ஓயவில்லை. மதியத்துக்கு மேல் செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு நயினார் நேரிலேயே வந்துவிட்டார். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள் அவர்கள் வீட்டில். அதனால் பஸ்ஸைப் பிடித்து இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் வேறு. பிறந்த தேதி சரிதானா என்று அன்வர் மரியாதையாகக் கேட்டான். தேதியெல்லாம் சரிதான் என்றார். அப்படியென்றால் வயதும் சரிதானே என்றான் இவன். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போன வாரம் வரைக்கும் என் பொண்ணுக்கு இருவத்தேழு. நீ ஏத்தின வயசுக்கு நீயே மாப்பிள்ளை பார்த்துக் குடுத்துடு தம்பி, நான் ஜல்தியா கௌம்பணும்."

விரலுக்கு அடியில் நகர்ந்தது

இத்தனை அடி வாங்கிய பிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி எது மாறினாலும் அந்த நிமிடமே எல்லோருடைய திரையிலும் மாறும்படி செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். மையத்தின் கம்ப்யூட்டர், வாடிக்கையாளர் வீட்டுக் கம்ப்யூட்டர், கையிலிருக்கும் போன், எதில் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாலும் சரி, அது சில வினாடிகளுக்கு ஒரு தடவை 'ஏதாவது மாறியிருக்கிறதா' என்று தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும். செய்து முடித்ததும் சவரிமுத்து ஐயாவே மெச்சினார். ஸ்டெல்லா இந்தப் பக்கம் ஏற்றுவதும் அந்தப் பக்கம் அவருடைய அறையில் தெரிவதுமாக இருந்ததை ஒரு நாள் முழுக்க வேடிக்கை பார்த்தார்.

புதிதாகப் பதிவு செய்தவர் பட்டியலின் தலையில் வந்து நிற்பார், மற்றவர்கள் ஒரு படி கீழே இறங்குவார்கள். இதில் என்ன வம்பு வரப்போகிறது என்று நினைத்தேன். பள்ளி ஆசிரியர் ஒருவர், ரொம்ப யோசிக்கிறவர், ஒரு வாரமாக ஒரே பெண்ணின் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு வழியாகத் துணிந்து 'விருப்பம்' என்ற பொத்தானை அழுத்தப் போயிருக்கிறார். சரியாக அந்தக் கணத்தில் ஸ்டெல்லா புதுப் பெயர் ஒன்றை ஏற்ற, பட்டியல் ஒரு படி இறங்க, அவருடைய விரல் மேலே இருந்த வேறொரு பெண்ணின் மேல் போய் விழுந்தது. அந்தப் பெண் வீட்டிலிருந்து சாயங்காலமே அவருக்குப் போன் வந்துவிட்டதாம். ஆசிரியர் உடனே எனக்குப் போன் செய்தார். "சார், நான் பார்த்துக்கினு இருந்த பொண்ணு என் வெரலுக்குக் கீழயே நழுவிப் போய்டுச்சு சார்."

பேய் பிடித்த கட்டம்

அடுத்த புகார் சவரிமுத்து ஐயாவுடையது. "தம்பி, நான் அடிக்கிறது நிக்க மாட்டேங்குது. அழிச்சா திரும்ப வருது. மெஷின்ல ஏதோ பூந்துக்கினு இருக்குது" என்றார். போனில் விசாரித்து ஒன்றும் புரியாமல் பஸ் ஏறினேன். அவருடைய அறையில் உட்கார்ந்து எந்த இடம் என்று கேட்டேன். ஸ்டெல்லாவின் பக்கத்தைத் திறந்தார். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் 'ஒரு பெண் குழந்தை உண்டு' என்று ஒரு வரி. அதை அழித்துச் சேமித்தார். போய்விட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்ச நேரத்தில் அந்த வரி அமைதியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. மறுபடி அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'நல்ல குணம், சிக்கனமான பெண்' என்று அடிக்கத் தொடங்கினார். பாதி அடிப்பதற்குள் அவர் அடித்ததையும் விழுங்கிக்கொண்டு பழைய வரி வந்தது.

அவர் அடித்ததை விழுங்கியது என் தவறுதான். ஒருவர் தட்டச்சிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து புதுத் தகவல் வந்தால், கொஞ்சம் பொறு என்று அதை வாசலில் நிறுத்தி வைக்க வேண்டும். அதை அன்றைக்கே சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த வரி எங்கேயிருந்து வருகிறது? மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இடத்தைப் பார்த்தேன். இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து மாறி மாறி வந்திருந்தது. ஒன்று இந்த அறை, இன்னொன்று முன்மேசை. எழுந்து வெளியே போனேன். ஸ்டெல்லா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவராகவே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மெஷின்ல ஒண்ணும் இல்ல பாலு சார். ஐயா அழிக்கிறாரு, என் பொண்ணை நான் எழுதறேன்."

ஆறிப்போன காபி

சவரிமுத்து ஐயாவைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய கணக்கு வேறு. அந்த வரி இருக்கும்வரை ஸ்டெல்லாவைக் கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. "மொதல்ல ஆளு வரட்டும் தம்பி. நேர்ல பார்த்துப் பேசினா மனசு எறங்கும். எத்தினி கல்யாணம் பண்ணி வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா" என்பார். அவர் சொல்வதிலும் விஷயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ஒரு சனிக்கிழமை ஸ்டெல்லா சீக்கிரம் கிளம்பிவிட்ட பிறகு வரியை அழித்தார். அன்றைக்கே போன் வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் ஸ்டெல்லாவின் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பிறகு நடந்ததை ஸ்டெல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்தவர்கள் நன்றாகத்தான் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா வீட்டைப் பார்த்து, மாதா படத்துக்கு முன்னால் ஏற்றியிருந்த மெழுகுவத்தியைப் பார்த்து, திருப்தியாகக் காபியைக் கையில் எடுத்திருக்கிறார். அப்போது கோயிலில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஞானோபதேச வகுப்பு முடிந்து ஜெனி 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்திருக்கிறாள். யாரும் திட்டவில்லை, சண்டை போடவில்லை. தெரியாதே என்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு ஸ்டெல்லா உள்ளே வந்தபோது ஜெனி அந்தக் காபியைப் பார்த்தபடி நின்றிருந்தாளாம்.

இதைச் சொல்லும்போது ஸ்டெல்லா அழவில்லை. எனக்குத்தான் என்னவோ போலிருந்தது. என் வேலை திரையோடு முடிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, திரையில் இல்லாத ஒரு வரி ஒரு வீட்டுக்குள் நடந்து போய் என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கட்டத்தைத் தன்னைத் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி பூட்டித்தர முடியுமா என்று கேட்டார். ஐயாவைக் கேட்காமல் எப்படிச் செய்வது என்று இழுத்தேன். அவர் தலையசைத்தார். பிறகு சொன்னார்: "'நான் அப்ப உள்ள வந்திருக்கக் கூடாதாம்மா'ன்னு கேட்டுச்சு சார் ஜெனி. இனிமே அந்த வரியை யாரு அழிச்சாலும் நான் எழுதிக்கினேதான் இருப்பேன்."

இரண்டு பூட்டு

அந்த வாரம் ஐயாவும் ஸ்டெல்லாவும் பேசிக்கொள்ளவில்லை. கத்திக்கொள்ளவும் இல்லை. வாடிக்கையாளர் வந்தால் இருவரும் சிரித்த முகமாக இருப்பார்கள். காபி வந்தால் ஸ்டெல்லாவே கொண்டுபோய் ஐயாவின் மேசையில் வைப்பார். மற்ற நேரமெல்லாம் அந்த வரி இவர் அழிக்க, அவர் எழுத, இவர் அழிக்க என்று நடந்துகொண்டிருந்தது. விழுப்புரத்தில் என் மேசையிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருநாள் சவரிமுத்து ஐயா போன் செய்தார். அவருக்கும் ஒரு பூட்டு வேண்டும். அந்தக் கட்டத்தில் தான் மட்டுமே எழுத வேண்டும். அதோடு திரை தானாக மாறும் வித்தையையும் நிறுத்திவிட வேண்டும், வெளியே பார்க்கிறவர்கள் இந்தக் கூத்தைப் பார்த்தால் மையத்தின் மானம் போய்விடும் என்றார். நாளைக்கே வந்து செய்து கொடு என்றார்.

சட்டப்படி அவர்தான் எங்கள் வாடிக்கையாளர். அவர் சொன்னதைச் செய்துதான் ஆக வேண்டும். செய்தால் இன்னொரு குடும்பம் தெரியாமல் வந்து காபியைக் கீழே வைத்துவிட்டுப் போகும். இந்தப் பூட்டை யாருக்குப் போடுவது என்று அன்வரைக் கேட்டேன். அவன் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான்: "பேஜாரு புடிச்ச வேலை இது பாலு, எந்தப் பக்கம் பூட்டினாலும் சாவி நம்மகிட்ட இருக்கறதா ஒருத்தர் திட்டுவாங்க."

திருவெண்ணெய்நல்லூர்க்காரர்

மறுநாள் காலையில் திண்டிவனம் போய் இறங்கினேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டார். நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, நிறுத்த வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். வெயிலில் வேலை செய்கிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது. சின்னப்பன், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், கரும்பு போட்டிருக்கிறேன் என்று சொன்னார். மனைவி இறந்துவிட்டார் என்றும், இந்த மையத்தில்தான் பதிந்திருப்பதாகவும் சொன்னார். சவரிமுத்து ஐயா குரல் கேட்டு அறையிலிருந்து வெளியே வந்து நின்றார்.

சின்னப்பன் தன் போனை எடுத்து ஸ்டெல்லாவுக்கு முன்னால் வைத்தார். திரையில் ஸ்டெல்லாவின் பக்கம். நேற்று கரும்பு டிராக்டரோடு ஆலை வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார். வரிசை நகரவில்லை. பொழுது போகாமல் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். "ஒரு பொண்ணு கொழந்தை இருக்குதுனு இருந்துச்சுங்க. பார்த்துக்கினே இருக்கேன், காணாமப் போய்டுச்சு. செரி, தப்பா போட்டுட்டு எடுத்துட்டாங்க போலன்னு நெனச்சேன். திரும்ப வந்துச்சு. அப்புறம் போச்சு. அப்புறம் வந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் இதேதான்."

சவரிமுத்து ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. யார் பார்த்துவிடக் கூடாது என்று அவர் பயந்தாரோ அந்த ஆள் இதோ எதிரில் நின்றிருந்தார். மெஷின் கோளாறு என்று சொல்லும்படி என்னைப் பார்த்தார். எனக்கும் அதுதான் வாயில் வந்தது. அதற்குள் ஸ்டெல்லா, "எழுதினது நான்தாங்க" என்றார்.

"அழிச்சது?" என்று கேட்டார் சின்னப்பன்.

ஸ்டெல்லா குனிந்து மேசை மேலிருந்த படிவங்களை அடுக்கினார். பிறகு சவரிமுத்து ஐயாவே, "நான்தான் தம்பி. நல்லது நடக்கட்டும்னுதான் அழிச்சேன்" என்றார்.

சின்னப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "எங்க அக்காவும் நல்லதுக்குன்னுதாங்க சொன்னாங்க. எனக்கு ஒரு பையன் இருக்கான், மூணாவது படிக்கிறான். பதியும்போது அதை எழுத வேணாம், அப்புறம் சொல்லிக்கலாம்னாங்க. நானும் கேட்டுக்கினு வுட்டுட்டேன்" என்றார். அப்புறம் ஸ்டெல்லாவை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அழிக்க அழிக்க எழுதிக்கினே இருந்தீங்க. அதைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போனா என் பையன் மூஞ்சியப் பார்க்க முடியலைங்க. கல்யாணம் அமையுதோ இல்லையோ, எழுதற ஆளைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சவரிமுத்து ஐயா சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என் பக்கம் கையைக் காட்டி, வந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்று சைகை செய்தார். நான் மூட்டை கட்டத் தொடங்கினேன். ஸ்டெல்லா மட்டும் அசையாமல் இருந்தார். கண் கலங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளாமலே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். சின்னப்பனின் பக்கத்தைத் தேடித் திறந்தார். கடைசியில் இருந்த குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. அதில் 'ஒரு ஆண் குழந்தை உண்டு' என்று அடித்துச் சேமித்துவிட்டு, மேசையில் கிடந்த போனை அவர் பக்கம் தள்ளிச் சொன்னார்: "உங்க பக்கத்தைத் தொறந்து பாருங்க, வந்துடுச்சா?"

வந்திருந்தது, இத்தனை வருடத் தொழிலில் நான் செய்தது ஒழுங்காக வேலை செய்வதை என் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான், அதையும் நிறுத்தத்தான் பஸ் ஏறிப் போயிருந்தேன்.